ஊர் துக்கத்தில் இருக்கும்போது திருவருகைக் காலம்: நட்சத்திரம் கட்டலாமா, வேண்டாமா?

கடற்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் உள்ள ஒரு மீனவ ஊரைச் சேர்ந்தவன். இரண்டு ஆண்டுகளாக எங்கள் கோயிலின் பங்குப்பேரவையில் (பங்கு மக்களின் ஆலோசனைக் குழுவில்) இருக்கிறேன். கிறிஸ்மஸுக்கு முந்தைய நான்கு வாரத் தயாரிப்புக் காலமான திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுக்கு இன்னும் ஒன்பது நாள்களே உள்ளன. தங்கலுக்கு (பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்க) போன ஒரு படகு மூன்று வாரமாகக் கரை திரும்பவில்லை. அதில் இருந்த நால்வரில் இருவர் எங்கள் ஊர்க்காரர்கள்.

சென்ற ஞாயிறு பேரவைக் கூட்டத்தில் ஊர் இரண்டாக நின்றது. இந்த ஆண்டு நட்சத்திரம், குடில் போட்டி, வீடு வீடாகப் பாடிப் போகும் கேரல் எதுவுமே வேண்டாம், நடுஇரவுத் திருப்பலி மட்டும் போதும் என்றார்கள் இளைஞர் இயக்கத்தார். சீரியல் செட்டுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று என்றும், பிள்ளைகள் ஆண்டு முழுவதும் எதிர்பார்த்திருக்கும் விழாவைப் பறிக்கக் கூடாது என்றும் அலங்காரக் குழுவினர் சொன்னார்கள். இரு தரப்பையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் ஒன்று உறைத்தது: இரண்டு மணி நேரம் பேசியதில் 'திருவருகைக் காலம்' என்ற சொல்லை ஒருவர்கூட, என்னையும் சேர்த்துத்தான், உச்சரிக்கவில்லை. டிசம்பர் 1 முதலே கிறிஸ்மஸ் என்றுதான் எல்லாரும் பேசினோம்.

ஒக்கி புயல் எங்கள் கடலைக் கலக்கியது 2017 நவம்பர் 30 அன்று. அது மீனவரான புனித அந்திரேயாவின் திருநாள். திருவருகையின் முதல் ஞாயிறைக் கணக்கிடுவதே அவருடைய நாளுக்கு மிக அருகில் வரும் ஞாயிறு எது என்று பார்த்துத்தான். அந்த ஆண்டு அது டிசம்பர் 3 ஆக அமைந்தது. கோட்டாற்றில் சவேரியார் திருவிழா நிறைவுறும் நாளும் அதுவே. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை என்று கரை நெடுகப் பெண்கள் கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமையில், கோயிலில் வாசிக்கப்பட்ட முதல் வாசகம் எசாயாவின் 63, 64ஆம் அதிகாரங்களிலிருந்து வந்தது: ஆண்டவரே, நீர் வானத்தைப் பிளந்து இறங்கி வரமாட்டீரா என்று ஒரு மக்களினம் கெஞ்சுகிற பகுதி. எங்களுக்காக யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை முறைப்படி வருகிற வாசகம்தான். இருந்தாலும், அந்த ஒரு வரிக்கு மேல் அன்று எந்த மறையுரையும் என் காதில் விழவில்லை.

ஆகவே என் கேள்வி இதுதான். விழாவை நடத்துவதா நிறுத்துவதா என்று வாக்கெடுப்பதற்கு முன்னால், இந்த நான்கு வாரங்களைத் திருச்சபை எதற்காக வைத்திருக்கிறது என்று யோசித்து, அதன்படியே இந்த ஆண்டு நடந்துகொள்ள முடியுமா? துயர்க்காலத்தில் கிறிஸ்து பிறப்பின் பொருளைக் காத்துக்கொண்டவர்கள் இங்கே இருந்தால், உங்கள் ஊரில் நடந்ததை எழுதுங்கள்.

பொருநைக்கரை

ஐயா, நான் பாளையங்கோட்டைப் பக்கத்துத் தென்னிந்தியத் திருச்சபைக்காரன். எங்களுக்கு 2023 டிசம்பர் 17, அதாவது அட்வென்ட் (நீங்கள் சொல்லும் திருவருகைக் காலம்) மூன்றாம் ஞாயிறு, மறக்க முடியாத நாள். காலை ஆராதனைக்குப் போகும்போதே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் விடிந்தபோது தாமிரபரணி ஊருக்குள் இருந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர் மழை பெய்ததாகப் பதிவாயிற்று. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் விரைவு ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டபோது, பக்கத்து ஊர் மக்கள் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து பொங்கிப் போட்டதை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

எங்கள் வாலிபர்கள் கீத பவனிக்கு வாடகைக்கு எடுத்திருந்த டெம்போவில் ஜெனரேட்டர் ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது. பக்கவாட்டில் தெர்மகோலில் வெட்டிய தேவதூதர்கள்கூட ஒட்டியிருந்தார்கள். அந்த வண்டியே ஐந்து நாள் தண்ணீர் கேன் சுமந்தது. கேரல் காணிக்கைக்காக ஒதுக்கிய பணம் அரிசியாகவும் பாயாகவும் போயிற்று. இதுதான் உண்மையான கிறிஸ்மஸ் என்று நாங்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டோம். நானும் நான்கு பேரிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஆனால் உங்கள் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால், இன்னொன்றையும் எழுத வேண்டும். நிவாரணப் பொருள் கொடுத்த இடத்தில் பதாகை பிடித்துப் படம் எடுத்தோம். எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்பதில் சண்டை போட்டோம். 24ஆம் தேதி மாலை ஆலயத்துக்கு வந்தபோது, அந்த ஒரு வாரத்தில் நான் ஒரு நிமிடமும் ஜெபித்திருக்கவில்லை என்பது தெரிந்தது. கேக்கும் நட்சத்திரமும் அட்வென்டை விழுங்கிவிடும் என்று ஆண்டுதோறும் குறை சொல்கிறோம். நற்செயலும் அதை அப்படியே விழுங்கும் என்பதை அந்த ஆண்டு கண்டேன். எங்கள் ஐயர் (போதகர்) அன்று பிரசங்கம் செய்யவில்லை. லூக்கா முதல் அதிகாரத்தை வாசித்துவிட்டு, மின்சாரம் இல்லாத ஆலயத்தில் கால் மணி நேரம் எல்லாரையும் சும்மா உட்காரச் சொன்னார். ஈரச் சுவரின் வாடையும் கொசுவும் மட்டும் இருந்தன. அதுதான் எனக்கு அந்த ஆண்டின் அட்வென்ட். மொத்தமே 15 நிமிடம்.

பேக்கரி_மகன்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். "எல்லாவற்றையும் நிறுத்துவோம்" என்று முடிவெடுப்பது பலருக்கு எளிது. எங்கள் அப்பா நவம்பரிலேயே கடன் வாங்கி முந்திரியும் திராட்சையும் ஊறப்போட்டுவிடுவார். ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு அந்த நான்கு வாரத்தில்தான். நட்சத்திரம் ஒட்டும் பெண்களுக்கும் அப்படியே. ஊர் துக்கம் காக்கும்போது அந்தத் துக்கத்தின் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதையும் பேரவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கடற்கரையான்

நியாயமான பேச்சு, தம்பி. சீரியல் செட் போடுகிறவரும் எங்கள் ஊர்க்காரர்தான். கூட்டத்தில் இதை எழுப்புகிறேன்.

வாவிக்கரை

மட்டக்களப்பில் இருந்து எழுதுகிறேன். பிறந்தது யாழ்ப்பாணம். உங்கள் கேள்வியை வாசித்தவுடன் எனக்கு 1995தான் நினைவுக்கு வந்தது.

அந்த ஆண்டு ஒக்டோபர் 30 இரவு, போரால், யாழ்ப்பாண நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் கொண்ட வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே நேரத்தில் வெளிக்கிட்டது. மழைக்குள்ளே நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு வந்து சேர்ந்தோம். டிசம்பர் முதல் வாரத்தில், அதாவது திருவருகைக் காலம் தொடங்கிய அதே வாரத்தில், யாழ்ப்பாண நகரம் இராணுவத்தின் கையில் விழுந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்கத்தில் கிடுகும் தறப்பாளும் கட்டி நான்கு குடும்பங்கள் இருந்தோம்.

பொருளாதாரத் தடைக் காலம் என்பதால் மண்ணெண்ணெய் தங்கத்தின் விலை. ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு எண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்குத்தான் எல்லா வீட்டிலும் இருந்தது. வீட்டில் இருந்த காலத்தில் அம்மா நான்கு மெழுகுதிரி வைத்து ஒவ்வொரு ஞாயிறும் ஒன்றாகக் கொளுத்துவார். அந்த ஆண்டு மெழுகுதிரிக்கு எங்கே போவது? ஆகவே அவர் எண்ணெயைப் பிரித்தார். முதல் ஞாயிறு செபம் முடியும் மட்டும் விளக்கு எரியும். இரண்டாம் ஞாயிறு அதைவிடச் சற்று நேரம் கூட. மூன்றாம் ஞாயிறு இன்னும் கூட. அதற்காகக் கிழமை நாள்களில் பொழுதுபட்டவுடன் விளக்கை நூர்த்துவிடுவார், நாங்கள் இருட்டுக்குள் இருப்போம். எனக்குக் கோபம் கோபமாக வரும். எண்ணெயைச் சேர்த்து வைத்தது ஞாயிறுக்காகத்தான் என்று அவர் ஒருபோதும் விளங்கப்படுத்தியதில்லை. பல வருடம் கழித்து நானாகவே கண்டுபிடித்தேன்.

நத்தார் (கிறிஸ்மஸ்) அன்று பால்மாப் பேணியை வெட்டி விரித்துப் பாலன் குடில் செய்தோம். வைக்கோலுக்குக் குறைவே இல்லை, நாங்களே அதன் மேல்தான் படுத்தோம்.

இன்னொரு விடயம். எங்கள் மட்டக்களப்பு மரியன்னை பேராலயத்தில் 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில் பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகும் அந்தக் கோயிலில் நள்ளிரவுப் பூசை நடக்கிறது. ஏரோது குழந்தைகளைக் கொன்றதும், சூசையப்பர் இரவோடு இரவாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடியதும் மத்தேயு எழுதிய அதே பிறப்புக் கதைக்குள்தானே இருக்கின்றன? மாசில்லாக் குழந்தைகளின் திருநாளைத் திருச்சபை டிசம்பர் 28இல், நத்தாருக்கு மூன்றே நாள் தள்ளி வைத்திருக்கிறது. துயர்க்காலத்தில் நத்தார் "கெட்டுப்போகிறது" என்று சொல்லும்போது, வாழ்த்து அட்டையில் பார்த்த நத்தாரைத்தான் சொல்கிறோமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

தரங்கை_லுத்தரன்

வாவிக்கரை அவர்களின் விளக்குக்கு உறவுள்ள ஒரு செய்தியைச் சொல்கிறேன். நாம் இப்போது கடையில் வாங்கி வைக்கிற அட்வென்ட் வளையம் பணக்கார வீட்டு மேசையில் பிறந்ததன்று. ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்களுக்காக ஓர் இல்லம் நடத்திய விஷெர்ன் என்ற லுத்தரன் இறையியலாளர், கிறிஸ்மஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் நாள்தோறும் நச்சரித்ததால், 1839இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தின் மேல் வார நாள்களுக்குச் சிறிய சிவப்புத் திரிகளும் ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளைத் திரிகளும் வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார் என்பார்கள். ஆதரவற்ற பிள்ளைகள் நாளெண்ணிக் காத்திருக்கச் செய்த கருவி அது.

நிறுத்துவதா நடத்துவதா என்ற கேள்விக்கு, பெத்லகேமில் 2023இல் நடந்ததைப் பாருங்கள். காசாப் போரை முன்னிட்டு, எருசலேம் திருச்சபைத் தலைவர்கள் அந்த நவம்பரிலேயே ஆடம்பரக் கொண்டாட்டங்களைத் தவிர்க்கும்படி தங்கள் மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். தீவனத்தொட்டிச் சதுக்கத்தில் மரமோ விளக்கோ வைக்கப்படவில்லை. ஆனால் குடில் நிற்கவில்லை: முந்தர் ஐசக் போதகராக இருந்த லுத்தரன் ஆலயத்தில் உடைந்த காங்கிரீட் துண்டுகளைக் குவித்து, அவற்றின் நடுவே குழந்தை இயேசுவை வைத்தார்கள். விளக்கை அணைத்தார்கள், வழிபாட்டை நிறுத்தவில்லை. உங்கள் ஊரின் இரு தரப்பும் இதில் தங்கள் பங்கைக் காணலாம். ஆனால் அதைப் பார்த்து உடைந்த படகுத் துண்டால் குடில் செய்துவிடாதீர்கள். அவர்கள் வைத்தது அவர்களுடைய இடிபாடு. இன்னொரு வீட்டின் இழப்பை எடுத்து நாம் அலங்காரம் செய்ய முடியாது.

சின்னத்துறை_பெண்

இதுவரை இந்தக் குழுவில் நான் எழுதியதில்லை. என் அண்ணன் ஒக்கியில் போனவர். போனவர் என்று எழுத எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

உங்கள் ஊர்க்காரர்கள் நட்சத்திரத்தைப் பற்றி விவாதிக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண்களிடம் யாராவது கேட்டீர்களா? எங்களிடம் யாரும் கேட்கவில்லை. எங்களை மதித்துத்தான் ஊர் இருட்டாக இருந்தது, எனக்குத் தெரியும். ஆனாலும் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் எங்கள் வாசலைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டது எனக்குப் பாரமாக இருந்தது. ஊர் மகிழ்ச்சியை நாங்கள்தான் தடுத்து வைத்திருக்கிறோம் என்பதுபோல் இருந்தது.

அதைவிடக் கடினமாக இருந்தது மறையுரை. நான்கு வாரமும் காத்திருத்தல், காத்திருத்தல் என்று கேட்டேன். நம்பிக்கையோடு காத்திருப்பவர் ஏமாறமாட்டார் என்று ஒரு குருவானவர் சொன்னபோது அண்ணி எழுந்து வெளியே போய்விட்டார். ஆண்டவருக்காகக் காத்திருப்பதும் கடலுக்குப் போனவருக்காகக் காத்திருப்பதும் ஒன்றல்ல. ஒருவர் வருவார் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். மற்றவர் எதுவும் சொல்லாமல், சோற்று வாளியைக்கூட மறந்துவிட்டுப் போனவர். காணாமற்போனவரை இறந்ததாகக் கொள்ளச் சட்டம் ஏழு ஆண்டு கேட்கும். எங்களுக்கு அதைத் தளர்த்தினார்கள். சான்றிதழ் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, "உயிரோடு இல்லை என்று நீங்களே எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். அண்ணி பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

ஒரே ஒருவர் எங்களுக்கு உதவினார். திருப்பலியில் பெயர் வாசிக்கும் நேரம் வந்தபோது, அண்ணன் பெயரை உயிரோடிருப்போருக்கான மன்றாட்டில் சேர்ப்பதா, இறந்தோருக்கான மன்றாட்டில் சேர்ப்பதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. எதைச் சொன்னாலும் பொய்போல் இருந்தது. அப்போது உதவிக்கு வந்திருந்த ஒரு வயதான சாமியார், அம்மாவிடம் எதுவும் விசாரிக்காமல், "கடலில் இருக்கும் நம் சகோதரர்களுக்காக" என்று தனியாக ஒரு மன்றாட்டு வைத்து எல்லாப் பெயரையும் அதில் வாசித்தார். அந்த டிசம்பர் முழுவதும் அப்படித்தான் வாசித்தார். எங்களை அவசரப்படுத்தாத ஒரே இடமாகக் கோயில் இருந்தது அதனால்தான்.

அந்த ஆண்டு நான்காம் ஞாயிறும் நடுஇரவுத் திருப்பலியும் ஒரே நாளில் வந்தன, டிசம்பர் 24. குருவானவருக்குக் காலையில் ஊதா உடை, இரவில் வெள்ளை உடை. காலைப் பூசைக்கு அம்மாவும் நானும் போனோம். இரவுக்குப் போகவில்லை. அதற்காக யாரும் எங்களைக் கேள்வி கேட்கவில்லை, அதுவும் ஓர் உதவிதான்.

பொருநைக்கரை

அக்கா, உங்கள் பதிவை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். இனி என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

நாள்காட்டிப்_பித்தன்

ஒரு சிறு குறிப்பு மட்டும். இங்கே பேசப்பட்ட 1995, 2017, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் கிறிஸ்மஸ் திங்கட்கிழமை. ஆகவே மூன்றிலும் திருவருகைக் காலம் டிசம்பர் 3இல் தொடங்கி 22 நாளில் முடிந்தது. அதைவிடக் குறுகிய திருவருகைக் காலம் வர வாய்ப்பில்லை. இது வெறும் தற்செயல், எந்த அடையாளமும் இல்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் இதை வைத்து யாராவது தீர்க்கதரிசனம் சொல்லக் கிளம்பிவிடுவார்கள்.

மறைக்கல்வி_ஆசிரியை

கடற்கரையான் அவர்களுக்கு நடைமுறையாக ஒன்று. திருவருகைக் காலத்தின் சட்டங்களையே கடைப்பிடித்தாலே உங்கள் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். இக்கால ஞாயிறுகளில் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ச்சிப் பாடலைப் பாடுவதில்லை. பீடத்தில் பூ அலங்காரம் அளவோடுதான். டிசம்பர் 16 வரையிலான வாசகங்கள் பெரும்பாலும் மாட்டுத் தொழுவத்தைப் பற்றியல்ல, உலகின் முடிவையும் ஆண்டவரின் இரண்டாம் வருகையையும் பற்றியவை. துக்க வீட்டார் சிரமமின்றி வந்து உட்காரக்கூடிய காலம் இது. அதே நேரம், அல்லேலூயாவை இக்காலத்தில் விட்டுவிடுவதும் இல்லை, மூன்றாம் ஞாயிறுக்கு இளஞ்சிவப்புத் திரியும் உண்டு. பிள்ளைகளுக்கு அந்த ஞாயிறைக் கொடுங்கள். விழாவை 24 இரவுக்கு முன்னால் தொடங்காமல், அதன் பிறகு ஜனவரியில் வரும் திருக்காட்சிப் பெருவிழா (ஞானிகள் குழந்தை இயேசுவைக் கண்ட விழா) வரை நீட்டிக்கொள்ளலாம். உங்கள் அன்பியங்களில் (பங்கின் சிறு குடும்பக் குழுக்களில்) இதை விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

கடற்கரையான்

எல்லாருக்கும் நன்றி. நேற்று மாலை மீண்டும் கூடினோம். சின்னத்துறைச் சகோதரி எழுதியதைப் படித்த மறுநாளே, பேரவைத் துணைத்தலைவரும் இரண்டு அருட்சகோதரிகளும் அந்த இரு வீடுகளுக்கும் போய்க் கேட்டார்கள். ஒரு வீட்டில், கேரல் வர வேண்டாம் என்றார்கள். மற்ற வீட்டுப் பாட்டி, பிள்ளைகள் வரட்டும், கொட்டு மட்டும் வேண்டாம் என்றார். அப்படியே முடிவாயிற்று. குடில் போட்டியில் பரிசு இல்லை. வீட்டுக் குடில் வைப்பவர்கள் வைக்கலாம். முதல் ஞாயிறிலிருந்து "கடலில் இருக்கும் நம் சகோதரர்களுக்காக" என்ற மன்றாட்டு ஒவ்வொரு திருப்பலியிலும் இருக்கும். பங்குத்தந்தை, காத்திருத்தல் என்ற சொல்லைத் தம் மறையுரையில் கவனமாகக் கையாளுவதாகச் சொன்னார். சொன்ன பிறகு, கவனமாக என்றால் எப்படி என்று தமக்கே இன்னும் தெரியவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். சீரியல் செட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தர முன்வந்தபோது நாங்கள் வாங்கவில்லை. 24 இரவு முதல் திருக்காட்சி வரை அவர் விளக்குப் போடட்டும் என்று சொல்லிவிட்டோம்.

கோயில் கோபுரத்து நட்சத்திரம் பற்றித்தான் கடைசிவரை இழுபறி. அதையும் 24க்குத் தள்ளுவோம் என்று ஏறக்குறைய முடிவாகும் நேரத்தில், எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் எழுந்தார். அவர் காலத்தில் கரையில் தெரியும் கோபுரத்தையும் மலையையும் வைத்துக் கணியம் பார்த்துத்தான் இடம் அறிவார்கள். இப்போது எல்லாப் படகிலும் கருவி இருக்கிறது என்பது தமக்குத் தெரியும் என்று அவரே சொன்னார். பிறகு, "கருவி வழி காட்டும்தான். ஆனாலும் ராத்திரி கரை ஏறும்போது எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்ப்பது கோபுரத்தைத்தான். டிசம்பரில் நட்சத்திரம் எரியும். எரியாவிட்டால் ஊரில் என்னமோ நடந்துவிட்டது என்று படகில் இருக்கிறவன் பதறுவான். இப்போது கடலில் நம் படகு பதினொன்று இருக்கிறது" என்றார்.

முதல் ஞாயிறு மாலையிலிருந்து கோபுர நட்சத்திரம் மட்டும் எரியும். வண்ண விளக்கு வேண்டாம், வெள்ளை பல்பு போதும். சென்ற ஆண்டு நட்சத்திரத்தின் சட்டகம் துருப்பிடித்திருக்கிறது. சனிக்கிழமை காலை ஏணியோடு நான்கு பேர் வருகிறோம்.